நிலைகொள்ளாத காற்று: விமான இறக்கையும் பூச்சி இறக்கையும்



அறிவியலைத் தமிழில் பேச வேண்டும், ஆழம் குறையாமல் பேச வேண்டும் என்பதே இந்தச் சொற்பொழிவுக்கு அழைத்த அறக்கட்டளையின் நோக்கம் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அந்த நோக்கத்தை மனதில் வைத்து, பறத்தலின் இயற்பியலை இன்று உங்கள் முன் விரிக்கிறேன். சில இடங்களில் கொஞ்சம் பொறுமை தேவைப்படும். ஆனால் அந்த இடங்களில்தான் விஷயமே இருக்கிறது.

2016ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஒரு புதிய பூச்சி தென்பட்டது. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று அதற்குப் பெயர். ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, கீழ் ஓலைகளின் மேல் தேன் போன்ற கழிவைச் சொட்டவிடும். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து தோப்பே கறுத்துப்போகும். இதைக் கட்டுப்படுத்த வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் வழிகளில் ஒன்று என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி. ஒட்டுண்ணி ஏறிய ஓலைத் துண்டுகளை வெட்டி எடுத்து, பாதிக்கப்பட்ட மரங்களின் ஓலைகளில் பொருத்தி வைப்பார்கள். அவற்றிலிருந்து வெளிவரும் குளவிகள் பறந்து சென்று வெள்ளை ஈயின் இளம் பருவங்களுக்குள் முட்டையிடும்.

குளவி என்றதும் கூரையில் கூடு கட்டும் பெரிய குளவி நினைவுக்கு வரக்கூடும். என்கார்சியா ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது. தோப்பில் நிற்கும் விவசாயி அதைப் பார்ப்பதே அரிது. இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு இனமான என்கார்சியா ஃபார்மோசா, ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில்களில் தக்காளிச் செடிகளைக் காப்பதற்காக நெடுங்காலமாக வளர்க்கப்படுகிறது. 1973இல் இந்தக் குளவிதான் பறத்தல் பற்றி மனிதர் எழுதி வைத்திருந்த இயற்பியலில் எழுதாமல் விட்ட ஒரு பெரிய பக்கத்தைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. முதலில் எழுதப்பட்ட பக்கங்களைப் பார்த்துவிடுவோம்.

விமானம் ஏன் மேலே நிற்கிறது? பள்ளியில் பலருக்கும் சொல்லித் தரப்படும் விடை இது: இறக்கையின் மேற்பரப்பு வளைந்திருப்பதால் மேலே செல்லும் காற்று அதிக தூரம் போக வேண்டும், கீழே செல்லும் காற்றோடு ஒரே நேரத்தில் பின் விளிம்பைச் சேர வேண்டும் என்பதால் அது வேகமாகப் போகிறது, வேகம் கூடினால் அழுத்தம் குறைகிறது. இதில் கடைசிப் பகுதி சரி, நடுப்பகுதி தவறு. முன் விளிம்பில் பிரிந்த இரண்டு காற்றுத் துகள்களும் பின் விளிம்பில் சந்தித்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவை சந்திப்பதும் இல்லை. புகைவிட்டுப் பார்த்தால் மேலே போன காற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுவது தெரியும். தட்டையான பலகையும் தலைகீழாகப் பறக்கும் விமானமும் தூக்குவிசை பெறுவதை இந்த விளக்கம் சொல்லவே முடியாது.

இறக்கை காற்றைக் கீழ்நோக்கி வளைத்துத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. காற்று எப்படி வளைகிறது என்பதைக் கணக்காக்கியவர்கள் ஜெர்மனியின் குட்டா, ரஷ்யாவின் ஜுகோவ்ஸ்கி, இங்கிலாந்தின் லான்செஸ்டர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் அவர்கள் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்தார்கள். இறக்கையைச் சுற்றிக் காற்றுக்கு ஒரு நிகரச் சுற்றோட்டம் இருக்கிறது. அதன் அளவே தூக்குவிசையைத் தீர்மானிக்கிறது. 1904இல் ஹைடெல்பெர்க் நகரில் நடந்த கணிதவியலாளர் மாநாட்டில் லுட்விக் பிராண்டல் ஒரு சிறு கட்டுரை வாசித்தார். பொருளின் பரப்பை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலத்தில்தான் காற்றின் பாகுநிலை முக்கியமாகிறது, அதற்கு வெளியே அதைப் பெரும்பாலும் மறந்துவிடலாம் என்று அதில் காட்டினார். ஆகாய விமான இயலின் கணக்குகள் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை.

கணக்கு வருவதற்கு முன்பே அளவு வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1901இல் ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக்கில் சோதித்த மிதவை விமானம், அன்றைய அட்டவணைகள் சொன்ன தூக்குவிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் தந்தது. ஓட்டோ லிலியென்தால் தொகுத்த அட்டவணை அது. அவர் 1896இல் தம் மிதவை விமானத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். கேட்டுத் தெளிய ஆளில்லை. சகோதரர்கள் டேட்டன் நகரில் தங்கள் மிதிவண்டிக் கடையில் ஆறடி நீளப் பெட்டி ஒன்றைக் காற்றுச் சுரங்கமாகச் செய்தார்கள். பழைய ரம்பத் தகடுகளாலும் மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளாலும் தராசு செய்து, சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். நூறாண்டுக்கும் மேலாக எல்லோரும் கேள்வி கேட்காமல் பயன்படுத்திவந்த ஸ்மீட்டன் மாறிலி 0.005 என்பது மிகைமதிப்பு, 0.0033 அளவே சரி என்று கண்டார்கள். 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி பறந்த அந்த விமானத்துக்குப் பின்னால் இருந்தது இந்தத் தராசு. துணிச்சலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தராசைப் பற்றியும் அந்த அளவுக்குப் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி ஸ்டால் பற்றி. காற்றோட்டத்துக்கு இறக்கை சாய்ந்திருக்கும் அளவைத் தாக்கு கோணம் என்கிறோம். கோணம் கூடக்கூடத் தூக்குவிசை கூடும். ஏறத்தாழ 15 பாகையை ஒட்டி ஒரு கட்டத்தில், மேற்பரப்பைத் தழுவி வந்த காற்று அதை விட்டுப் பிரிந்துவிடும். தூக்குவிசை சரியும், இழுவிசை ஏறும், விமானம் விழத் தொடங்கும். இதுதான் ஸ்டால். விமானப் பயிற்சியில் முதல் மாதங்களிலேயே இதைத் தவிர்க்கவும் இதிலிருந்து மீளவும் கற்றுத் தருகிறார்கள். தரைக்கு அருகில் ஸ்டாலில் சிக்கி உயிரிழந்த விமானிகள் ஏராளம். ஆகவே விமான இயலின் நெடுங்காலப் பாடம், காற்றை இறக்கையை விட்டுப் பிரிய விடாதே என்பதுதான்.

பூச்சியின் கதை இங்கே தொடங்குகிறது. 1934இல் பிரெஞ்சு விலங்கியலாளர் அந்துவான் மாங்னான் பூச்சிகளின் பறத்தலைப் பற்றி நூல் எழுதினார். விமான இறக்கைக்கான காற்றுத்தடை விதிகளைப் பூச்சிக்குப் பொருத்தி, சேன்த் லாகு என்ற கணிதரின் துணையோடு கணக்கிட்டு, பூச்சிகள் பறக்க இயலாது என்ற முடிவு வருகிறது என்று முன்னுரையில் குறிப்பிட்டார். பின்னாளில் இது உலகெங்கும் பரவி, 'அறிவியலின்படி வண்டு பறக்க முடியாது, அது வண்டுக்குத் தெரியாது' என்ற மேடை வசனமாகிவிட்டது. இந்த வசனம் எனக்கு வருத்தம் தருகிறது. வண்டின் தன்னம்பிக்கையால் எந்த விதியும் வளைவதில்லை. மாங்னான் கண்டது, கணக்குக்கும் கண்முன் உள்ள உண்மைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது என்பதை. அந்தப் பள்ளத்தை மறைக்காமல் எழுதி வைத்தது நேர்மையான செயல். அடுத்த அறுபது ஆண்டுகளில் பலர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி வேலை செய்தார்கள்.

கணக்கில் என்ன பிழை? கூட்டல் கழித்தலில் இல்லை. விமானச் சூத்திரம் நிலையான ஓட்டத்துக்கானது. இறக்கை அசையாமல் இருக்க, காற்று ஒரே சீராக வந்துகொண்டே இருக்கும் நிலை. பூச்சியின் இறக்கை அப்படி ஒரு கணம்கூட இருப்பதில்லை. முன்னே வீசுகிறது, திரும்புகிறது, புரள்கிறது, பின்னே வீசுகிறது. பழ ஈ இதை விநாடிக்கு 200 தடவைக்கு மேல் செய்கிறது.

இந்த அசைவைச் சேர்த்துக்கொண்டால் சிக்கல் தீரும் என்று நினைப்போம். உண்மையில் அது முற்றியது. 1925இல் ஹெர்பெர்ட் வாக்னர் காட்டிய விளைவு ஒன்று உண்டு. நின்றிருந்த இறக்கை திடீரென நகரத் தொடங்கினால் முழுத் தூக்குவிசையும் உடனே வருவதில்லை; முதலில் பாதிதான் கிடைக்கும். இறக்கை தன் அகலத்தைப் போலப் பல மடங்கு தூரம் கடந்த பிறகே சுற்றோட்டம் முழுமை பெறும். விமானத்துக்கு ஓடுபாதை இருக்கிறது, தாமதம் பொருட்டில்லை. பூச்சியின் இறக்கையோ தன் அகலத்தைப் போல மூன்று நான்கு மடங்கு தூரம் போனவுடன் திரும்பிவிடுகிறது. அதன் வாழ்வு முழுவதும் தொடக்கங்கள்தாம். அப்படியானால் அது நிலையான இறக்கையைவிடக் குறைவான விசையைத்தான் பெற வேண்டும். பெறுவதோ அதிகம்.

கேம்பிரிட்ஜில் விலங்கியல் பேராசிரியராக இருந்த டென்மார்க்காரர் டோர்க்கெல் வைஸ்ஃபோ இந்த முடிச்சோடு நெடுநாள் உழன்றவர். வெட்டுக்கிளிகளின் பறத்தலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பல வகைப் பூச்சிகளின் எடை, இறக்கைப் பரப்பு, வீச்சின் எண்ணிக்கை எல்லாவற்றையும் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தூக்குவிசைக் கெழு தேவை என்று கணக்கிட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை எப்படியோ எல்லைக்குள் அடங்கின. என்கார்சியா ஃபார்மோசா அடங்கவே இல்லை. அதை அதிவேகப் படக்கருவியில் பதிவுசெய்தார். விநாடிக்குச் சுமார் 400 தடவை அடிக்கும் அந்த இறக்கைகள், மேல் வீச்சின் முடிவில் முதுகின்மேல் ஒன்றோடொன்று ஒட்டிக் கைகூப்பின. பிறகு முன் விளிம்புகள் முதலில் பிரிந்தன. பின் விளிம்புகள் இன்னும் ஒட்டியிருந்தன. விரியும் அந்த இடைவெளிக்குள் காற்று பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலே இரு இறக்கைகளையும் சுற்றி எதிரெதிர்த் திசைகளில் சுற்றோட்டத்தை உருவாக்கிவிட்டது.

இதன் அழகு அடுத்த படியில் இருக்கிறது. அப்போது கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த அதே கணிதப் பேராசிரியர் இருக்கையில் இருந்தவர் ஜேம்ஸ் லைட்ஹில். வைஸ்ஃபோ கண்டதை அவர் கணிதமாக்கினார். தனி இறக்கையில் சுற்றோட்டம் எழும்போது, அதற்கு ஈடாக எதிர்ச் சுழல் ஒன்று பின்னால் உதிர வேண்டும். அது அருகிலேயே இருந்து தடுப்பதுதான் வாக்னர் சொன்ன தாமதத்துக்குக் காரணம். இரண்டு இறக்கைகள் எதிரெதிராக விரியும்போது ஒன்றின் சுற்றோட்டத்துக்கு மற்றொன்றின் சுற்றோட்டமே ஈடு. உதிர வேண்டிய சுழல் இல்லை. ஆகவே தாமதமும் இல்லை. வீச்சு தொடங்கும் கணத்திலேயே தூக்குவிசை தயார். 1973இல் இருவர் கட்டுரைகளும் வெளிவந்தன. புறா சட்டென்று எழும்பும்போது கேட்கும் படபடப்பிலும் இதே கைகூப்பும் அசைவு உண்டு. ஒரு விலங்கியலாளரும் ஒரு கணிதரும் ஒரே ஊரில் ஒருவர் சொல்வதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டதால் விளைந்தது இது. நம் கல்லூரிகளிலும் இவ்விரு துறைகளும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் எல்லாப் பூச்சிகளும் கைகூப்புவதில்லை. மற்றவற்றின் விடை என்ன? வைஸ்ஃபோ 1975இல் மறைந்தார். அவர் வழியில் வந்த சார்ல்ஸ் எலிங்டன் 1984இல், மிதந்து நிற்கும் பூச்சிகளின் காற்றியக்கம் பற்றி ஆறு நீண்ட கட்டுரைகளை ஒருசேர வெளியிட்டார். நிலையான ஓட்டக் கணக்கு போதாது என்பதை அவை ஐயமறக் காட்டின. போதாததை நிரப்புவது எது என்பதைக் கண்ணால் பார்க்க மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

1996இல் எலிங்டனும் கூட்டாளிகளும் புகையிலைச் செடியைத் தின்னும் புழுவிலிருந்து வரும் பெரிய அந்துப்பூச்சி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். காற்றுச் சுரங்கத்தில் அதன்மேல் புகைக் கோடுகளை ஓடவிட்டார்கள். அதோடு, அதன் இறக்கை அசைவை அப்படியே செய்யும் இயந்திரம் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாகக் கட்டினார்கள். பெரிதாக்கினால் மெதுவாக அசைக்கலாம். அளவுகள் சரியான விகிதத்தில் இருந்தால் காற்றின் நடத்தை மாறாது. இயந்திர இறக்கையின் முன் விளிம்பிலிருந்தே புகை விட்டபோது, கீழ் வீச்சில் அந்த விளிம்பை ஒட்டி ஒரு சுழல் எழுந்து, இறக்கையின் மேல் படுத்து, வேரிலிருந்து நுனி நோக்கித் திருகிக்கொண்டே போவது தெரிந்தது.

இது ஸ்டால்தான். இறக்கை பெரிய தாக்கு கோணத்தில் இருக்கிறது; காற்று முன் விளிம்பிலேயே பிரிந்துவிட்டது. ஆனால் பிரிந்த காற்று ஓடிப்போகாமல் சுழலாகச் சுருண்டு இறக்கையின் மேலேயே கிடக்கிறது. சுழலின் நடுவில் அழுத்தம் மிகக் குறைவு. அது இறக்கையை மேலே இழுக்கிறது. விமான இறக்கையிலும் திடீரெனக் கோணத்தைக் கூட்டினால் இப்படி ஒரு சுழல் பிறக்கும். சில கணம் தூக்குவிசை எகிறும். பிறகு சுழல் கழன்று பின்னால் போய்விடும், விமானம் விழும். பூச்சி அந்தச் சில கணங்களிலேயே வாழ்கிறது. சுழல் கழலாமலேயே வீச்சு முடிந்துவிடுகிறது. திரும்பி வரும்போது புதிய சுழல். விமானிக்குச் சாவு கொண்டுவருகிற அதே நிகழ்வு பூச்சிக்குச் சோறு போடுகிறது.

சுழலை நண்பனாக்கிக்கொண்ட விமானமும் உண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவுக்கு வந்து பணியாற்றிய டீட்ரிஷ் கியூக்கமானும் யோஹன்னா வேபரும் 1950களில் ஒல்லியான முக்கோண இறக்கையை ஆராய்ந்தார்கள். கூர்மையாகப் பின்சாய்ந்த முன் விளிம்பில் பிரியும் காற்று, இரு பக்கமும் நிலையான திருகு சுழல்களாகி இறக்கையின் மேல் படுத்திருக்கும். ஒலியைப்போல இரு மடங்கு வேகத்துக்கென வடிவமைத்த கன்கார்டு பயணிகள் விமானம், தரையிறங்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வர முடிந்தது இந்தச் சுழல்களால்தான். நம் தேஜஸ் போர் விமானமும் முக்கோண இறக்கை கொண்டது. கன்கார்டின் சுழலும் அந்துப்பூச்சியின் சுழலும் ஒன்றையொன்று ஒத்தவை என்று 1996இல் எலிங்டன் குழு எழுதியபோது, நாற்பது ஆண்டுகள் அடுத்தடுத்த அறைகளில் இருந்த இரண்டு அறிவுகள் ஒன்றாயின.

சுழல் இறக்கையை விட்டு ஏன் கழலவில்லை என்பதில் கருத்து மாறியிருக்கிறது. வேரிலிருந்து நுனிக்கு ஓடும் காற்று அதை வடித்துவிடுகிறது என்றார் எலிங்டன். 2001இல் ஆய்வாளர்கள் பர்ச்சும் டிக்கின்சனும் பழ ஈயின் மாதிரி இறக்கையில் குறுக்கே தடுப்புகள் வைத்து அந்த ஓட்டத்தை மறித்துப் பார்த்தார்கள். சுழல் அப்போதும் கழலவில்லை. 2009இல் லென்டிங்கும் டிக்கின்சனும், இறக்கை ஓர் அச்சைச் சுற்றி வட்டமாக வீசப்படுவதால் எழும் முடுக்கங்களே சுழலைப் பிடித்துவைக்கின்றன என்று காட்டினார்கள். அதே ஆண்டு லென்டிங் குழு, சுழன்றபடி விழும் மேப்பிள் விதையின் ஒற்றைச் சிறகின்மேலும் இதே முன் விளிம்புச் சுழலைக் கண்டது. இயற்கை இதை நரம்போ தசையோ இல்லாத ஒரு விதைக்கும் கொடுத்திருக்கிறது.

இப்போது பழ ஈக்கு வருகிறேன். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சோதனை இது. பழ ஈயின் எடை சுமார் ஒரு மில்லிகிராம். இறக்கை இரண்டரை மில்லிமீட்டர். ஒரே வீச்சுக்குள் ஏறி இறங்கும் விசையை அதன்மேல் எப்படி அளப்பது? பெர்க்லியில் மைக்கேல் டிக்கின்சன், ஃபிரிட்ஸ் ஓலாஃப் லேமன், சஞ்சய் சானே மூவரும் 25 சென்டிமீட்டர் நீள இறக்கைகள் கொண்ட ரோபோ ஈயைச் செய்து, ஒரு பெரிய தொட்டி நிறைய கனிம எண்ணெய்க்குள் இறக்கினார்கள். ஒரு முழு வீச்சுக்கு ஆறேழு விநாடி. இறக்கையின் வேரில் விசையளக்கும் உணரி.

ஏன் எண்ணெய்? இங்கே ரெனால்ட்ஸ் எண்ணைச் சொல்ல வேண்டும். பாய்மத்தின் நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதம் அது. பயணிகள் விமானத்துக்கு அது கோடிக்கணக்கில். பெரிய அந்துப்பூச்சிக்குச் சில ஆயிரம். பழ ஈக்கு நூற்றுச் சொச்சம். என்கார்சியாவுக்குப் பத்து இருபது. பொருள் சிறியதாக ஆகக் காற்று அதற்குக் கெட்டிப்படுகிறது. நாம் விளக்கெண்ணெயில் நீந்தினால் எப்படியோ, அப்படித்தான் மிகச் சிறிய பூச்சிக்குக் காற்று. பெரிய இறக்கை, மெதுவான வீச்சு, கெட்டியான எண்ணெய் மூன்றும் சேர்ந்து ரெனால்ட்ஸ் எண் 136இல் நின்றது. பழ ஈயின் உலகம் அப்படியே தொட்டிக்குள் வந்துவிட்டது.

1999இல் வெளியான முடிவுகளில் மூன்று செய்திகள் இருந்தன. வீச்சின் நடுவே எதிர்பார்த்த சுழலின் விசை. வீச்சு திரும்பும் இடங்களில் யாரும் எதிர்பாராத இரண்டு உச்சங்கள். இறக்கை புரள்வதாலேயே எழும் விசை ஒன்று. திரும்பிவரும் இறக்கை, தான் சற்றுமுன் கலக்கிவிட்ட காற்றின் மேலேயே மோதி அதிலிருந்து விசையை மீட்டெடுப்பது மற்றொன்று. இரண்டாவதை உறுதிசெய்ய அவர்கள் செய்தது எளிமையானது, அருமையானது. வீச்சு முடிந்ததும் இறக்கையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். அசையாமல் நிற்கும் இறக்கையில் உணரி இன்னும் விசையைக் காட்டியது. முந்தைய வீச்சில் தள்ளிவிட்ட காற்று வந்து அதன்மேல் மோதிக்கொண்டிருந்தது. விமானம் தன் பின்னே விட்டுப்போகும் கலக்கம் வீணான ஆற்றல். ஈ அதில் ஒரு பகுதியைத் திரும்ப வசூலித்துவிடுகிறது. இறக்கை திரும்புமுன்பே புரண்டால் தூக்குவிசை கூடும், தாமதித்துப் புரண்டால் குறையும் என்பதும் தெரிந்தது. ஈ வளைந்து திரும்ப அந்தச் சிறு நேர வேறுபாடே போதுமானது.

சஞ்சய் சானே பின்பு பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கே ஈயின் கட்டுப்பாடு பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது. ஈக்கு இரண்டு இறக்கைகள்தான். பின் இறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் நுனி பருத்த இரண்டு சிறு காம்புகள் உண்டு. இவை இறக்கையோடு ஒத்த கதியில் அதிர்ந்து, உடல் திரும்புவதைக் கைரோஸ்கோப் போல உணர்த்துகின்றன என்று 1948இல் பிரிங்கிள் என்ற ஆய்வாளர் நிறுவினார். இறக்கையும் காம்பும் இவ்வளவு துல்லியமாக எப்படி ஒத்துப்போகின்றன? ஒவ்வொரு வீச்சுக்கும் நரம்பு கட்டளை அனுப்ப நேரமில்லை. மார்புக் கூட்டின் ஓட்டுக்குள்ளேயே அவற்றை இணைக்கும் இயந்திரப் பிணைப்பு இருக்கிறது என்று 2015இல் சானேயின் குழு காட்டியது.

தசைக்கும் இதே சிக்கல்தான். விநாடிக்கு நூற்றுக்கணக்கான கட்டளைகளை நரம்பு அனுப்ப வேண்டியதில்லை. ஈ, கொசு, தேனீ போன்றவற்றின் பறக்கும் தசை, இழுபட்டவுடன் தானே சுருங்கும் இயல்புடையது. எதிரெதிரான இரு தசைக் கட்டுகள் ஒன்றையொன்று இழுத்து, மார்புக் கூட்டையே அதிரவைக்கின்றன. ஒரு நரம்புத் துடிப்புக்குப் பல வீச்சுகள்.

கொசுவைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு நம் சாக்கடைகளில் பெருகுவது. ரிச்சர்ட் பாம்ஃப்ரேயின் குழு 2017இல் இந்த இனத்தையே எட்டு அதிவேகக் கேமராக்களால் படம்பிடித்தது. அதன் இறக்கை சுமார் 40 பாகை அளவே வீசுகிறது. தேனீ 90 பாகை. ஆனால் கொசு வீசுவது விநாடிக்குச் சுமார் 700 தடவை. இவ்வளவு குறுகிய வீச்சில் முன் விளிம்புச் சுழல் அதிகம் வளர இடமில்லை. கொசு வேறு வழியில் பிழைக்கிறது. திரும்பும்போது தன் பழைய கலக்கத்தைப் பின் விளிம்பில் பிடித்து அங்கே ஒரு சுழல் செய்துகொள்கிறது. இறக்கையை நுட்பமாகப் புரட்டி அதிலிருந்தும் விசை எடுக்கிறது. காதருகே வந்து தூக்கம் கெடுக்கும் அந்த ரீங்காரத்தின் உயர்ந்த சுருதி, இந்த விரைவான குறுகிய வீச்சின் நேரடி விளைவு.

இன்னும் சிறியவற்றில் இறக்கை என்ற பரப்பே மறைந்துவிடுகிறது. வியட்நாம் காட்டில் கிடைத்த, 0.4 மில்லிமீட்டர் நீளமே உள்ள பாராட்டுபோசா என்ற வண்டுக்கு இறக்கை ஒரு காம்பும் அதைச் சுற்றிய மயிர்களுமே. கெட்டிப்பட்ட காற்று அந்த மயிர்களுக்கிடையே எளிதில் புகாது. ஆகவே மயிர்வரிசையே பரப்பாகிவிடுகிறது, எடையும் குறைகிறது. 2022இல் வெளியான ஆய்வு, தன்னைவிட மூன்று மடங்கு பெரிய வண்டுகளுக்கு இணையான வேகத்தில் அது பறப்பதைக் காட்டியது.

பெரிய பூச்சிகளின் பக்கம் திரும்பினால், தட்டானிடம் விமானப் பொறியாளர்கள் கற்றிருக்கக் கூடிய பாடம் ஒன்று இருந்தது. வேகம் கூடும்போது இறக்கை தானே முறுக்கி அதிரத் தொடங்கி, அதிர்வு நொடிகளில் பெருகி இறக்கையையோ வாலையோ பிய்த்தெறிந்துவிடும். ஃப்ளட்டர் என்று இதற்குப் பெயர். 1916இல் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வாலில் இதைக் கண்டு லான்செஸ்டர் ஆராய்ந்தார். அசையும் பரப்பின் முன்பக்கத்தில் எடை சேர்த்துச் சமன்செய்வது ஒரு தீர்வு என்பது 1920களில் தெளிவாயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். தட்டானின் ஒவ்வோர் இறக்கையிலும் நுனிக்கு அருகே, முன் விளிம்பில், ஒரு சிறு கருந்திட்டு இருக்கும். மற்ற இடங்களைவிட அது தடிப்பானது, கனமானது. 1972இல் சுவீடனின் ஓக்கே நூர்பெரி அதைக் கணக்கிட்டார். உடல் எடையில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள அந்தத் திட்டு, அதிர்வின்றி மிதந்து பறக்கும் வேகத்தின் எல்லையை 10 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்துகிறது.

தட்டானின் இறக்கை வழவழப்பான வளைவும் அல்ல, மடிப்பு மடிப்பானது. மிதந்து போகும்போது மடிப்புகளின் பள்ளங்களில் சிறு சுழல்கள் தங்கிவிட, அவற்றின்மேல் காற்று வழுக்கிக்கொண்டு போகிறது. மடிப்பு எடையைக் கூட்டாமல் உறுதியும் தருகிறது. இத்தகைய இறக்கை எவ்வளவு தூரம் போகும்? மழைக்குப் பின் நம் வயல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் பான்டலா என்ற மஞ்சள் தட்டான், வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் மாலத்தீவுகளில் ஆயிரக்கணக்கில் வந்திறங்குவதை ஆய்வாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன் 2009இல் பதிவுசெய்தார். இந்தியாவிலிருந்து கடல் கடந்து, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைவரை அவை போகின்றன என்பது அவர் திரட்டிய சான்றுகளின் முடிவு.

மனிதர் செய்த சிறு பறக்கும் இயந்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்வர்டில் ராபர்ட் வுட் குழு 80 மில்லிகிராம் எடையுள்ள ரோபோ தேனீயை 2013இல் கட்டுப்பாட்டோடு பறக்கவிட்டது. மின்சாரம் மெல்லிய கம்பி வழியாகப் போனது. 2019இல் கம்பியின்றி ஒன்று பறந்தது. மிகப் பிரகாசமான விளக்கொளியில், சூரியத் தகட்டின் துணையோடு, ஒரு விநாடிக்கும் குறைவாக. இறக்கை அசைவை ஏறக்குறையக் கற்றுவிட்டோம். ஒரு துளிச் சர்க்கரையில் நெடுந்தூரம் பறக்கும் ஈயின் ஆற்றல் சேமிப்புக்கு ஈடாக நம்மிடம் மின்கலம் இல்லை. செவ்வாய்க் கோளிலும் ஒரு சிறு இயந்திரம் பறந்திருக்கிறது; அங்கே காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு. 2021 ஏப்ரல் 19 அன்று அங்கே எழும்பிய இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐஐடியில் படித்தவர். 1.8 கிலோ எடையுள்ள அந்த ஹெலிகாப்டர் 72 தடவை பறந்தது.

மாணவர்களுக்கு ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். தட்டான் விநாடிக்குச் சுமார் 30 முதல் 40 தடவை இறக்கை அடிக்கும். விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் செல்பேசிகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. 960 எடுப்பவையும் உண்டு. 960இல் எடுத்தால் ஒரு வீச்சுக்கு இருபத்தைந்து முப்பது படங்கள். தட்டானின் முன் இறக்கைகளையும் பின் இறக்கைகளையும் தனித்தனித் தசைகள் அசைக்கின்றன. அந்தரத்தில் நிற்கும்போது அவை எதிரெதிராக அடிக்கின்றன. பின் இறக்கை முன் இறக்கையின் கலக்கத்திலிருந்து ஆற்றலை மீட்பதால் செலவு குறைகிறது. திடீரென எழும்பும்போதோ பாயும்போதோ நான்கும் ஒன்றாக அடிக்கின்றன. செலவு கூடினாலும் விசை பெரிது. இந்த மாற்றம் எத்தனை வீச்சுகளுக்குள் நடக்கிறது, இனத்துக்கு இனம் எப்படி வேறுபடுகிறது என்பதை உங்கள் ஊர்க் குளக்கரையிலேயே படமெடுத்து எண்ணலாம். வெயில் நன்றாக இருக்கும் காலை நேரம் ஏற்றது. பின்னணி நீராகவோ வானமாகவோ இருந்தால் இறக்கையின் விளிம்பு தெளிவாகத் தெரியும். அளவுகோலுக்கு, அது வந்து அமரும் குச்சியில் சென்டிமீட்டர் குறிகள் போட்டு வைத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்திலும் நான்கு இறக்கை நுனிகளின் இடத்தையும் குறித்து வரைபடம் போடுங்கள். விலங்கியல் படிக்கும் ஒருவரும் இயற்பியல் படிக்கும் ஒருவரும் சேர்ந்து செய்தால் நல்லது.